பாம்பு ரேக்: முதலில் டப்பா, அப்புறம்தான் பலகை

ரேக் கட்ட ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது "என்ன பலகை வாங்கணும்?" என்றுதான். பலகை இருக்கட்டும். முதலில் கடைக்குப் போய் டப்பா வாங்குங்கள். டப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்து இஞ்ச் டேப்பை வைத்து அளந்த பிறகுதான் ரேக்கின் அகலம், உயரம், ஆழம் எல்லாமே முடிவாகும். பலகையை முதலில் அறுத்துவிட்டு அதற்குப் பொருந்தும் டப்பாவைத் தேடி அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். என் முதல் ரேக்கும் அப்படித்தான் வீணானது.

ரேக் என்பது பாம்புகளை வைக்கும் ஒரு அலமாரி. ஒவ்வொரு தட்டிலும் ஒரு பிளாஸ்டிக் டப்பா, மேசை இழுப்பறை போல உள்ளே போய் வெளியே வரும். டப்பாவுக்கு மூடி கிடையாது. மேல் தட்டின் அடிப்பக்கம்தான் மூடி. அதாவது டப்பாவின் விளிம்புக்கும் மேல் தட்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளிதான் பாம்புக்கும் உங்கள் வீட்டுக்கும் நடுவே இருக்கும் ஒரே தடுப்பு. ரேக் கட்டுவதில் பாதி வேலை இந்த இடைவெளியைச் சரியாக வைப்பது. மீதிப் பாதி, சூடு அளவு மீறாமல் பார்த்துக்கொள்வது.

நான் டொராண்டோவின் ஸ்கார்பரோவில் வீட்டு பேஸ்மென்ட்டில் பால் பைத்தானும் (ball python, ஆப்பிரிக்காவின் சிறிய மலைப்பாம்பு) கார்ன் ஸ்னேக்கும் (corn snake, நஞ்சில்லாத அமெரிக்கப் பாம்பு) வளர்க்கிறேன். இங்கே சொல்வது இந்த இரண்டு இனங்களுக்கும் பொருந்தும். மரத்தில் ஏறி வாழும் பாம்புகளுக்கு ரேக் வேண்டாம்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். பால் பைத்தான் கானா, டோகோ, பெனின் பக்கத்துப் புல்வெளிகளைச் சேர்ந்தது. பகலில் எலி வளையிலும் கரையான் புற்றிலும் சுருண்டு கிடக்கும். அதனால் இருட்டான, தாழ்வான டப்பாவுக்குள் அது அமைதியாகிறது, கண்ணாடித் தொட்டியில் சாப்பிட மறுத்த குட்டி இங்கே சாப்பிடத் தொடங்குகிறது. அதற்காக டப்பாவே அதன் முழு வாழ்க்கை ஆகிவிடக் கூடாது. 35 அங்குல டப்பாவில் நாலடிப் பாம்பு உடலை நீட்டிப் படுக்க முடியாது. குட்டிகளுக்கும், புதிதாக வந்து தனிமையில் இருக்கும் பாம்புக்கும், முழுதாக வளராதவற்றுக்கும் ரேக் சரி. ஒன்றிரண்டு பாம்பு மட்டும் வைத்திருப்பவர் பெரிய கூடாகவே கட்டிக் கொடுங்கள். பாம்பு மெல்ல நகர்ந்து திரிவதைப் பார்க்கும் மகிழ்ச்சி அதில்தான் கிடைக்கும்.

சட்டத்தைப் பார்க்காமல் ஒரு ஆணிகூட வாங்க வேண்டாம். டொராண்டோவில் நஞ்சுள்ள பாம்புகளுக்கும், முழு வளர்ச்சியில் 3 மீட்டரைத் தாண்டும் பாம்புகளுக்கும் தடை. பக்கத்து ஊர்களில் விதி மாறலாம் என்பதால் உங்கள் நகரசபையின் விதியைப் படியுங்கள். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடமும் கேளுங்கள். சிங்கப்பூரில் வீட்டில் பாம்பு வளர்க்கவே அனுமதி இல்லை. இந்தியாவில் சாரை, மலைப்பாம்பு போன்ற நாட்டுப் பாம்புகள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன, வீட்டில் வைப்பது குற்றம். பால் பைத்தான் போன்ற வெளிநாட்டு இனங்களையும் 2022 திருத்தத்துக்குப் பிறகு அரசிடம் பதிவு செய்தாக வேண்டும்.

டப்பா

வளர்ந்துவரும் பால் பைத்தானுக்கு நான் வாங்குவது ஸ்டெரிலைட் கம்பெனியின் 41 குவார்ட் (ஏறக்குறைய 39 லிட்டர்) டப்பா. கட்டிலுக்கு அடியில் துணி வைக்க விற்கிறார்களே, அதுதான். நீளம் ஏறக்குறைய 34⅞ அங்குலம், அகலம் 16⅝, உயரம் 6⅛. கொக்கி இருந்தால் கழற்றிவிடுங்கள். மூடியைப் பத்திரமாக எடுத்து வையுங்கள், பாம்பைத் தூக்கிக்கொண்டு போகும் நாளில் உதவும்.

ஐந்து தட்டு ரேக்குக்கு ஐந்து டப்பா போதாது, ஏழெட்டு வாங்குங்கள். ஒரே மாதிரி, ஒரே கடை என்றாலும் டப்பாவுக்கு டப்பா ஓரிரு மில்லிமீட்டர் வித்தியாசம் இருக்கும். எல்லாவற்றையும் சமதரையில் வரிசையாக வைத்து, விளிம்பின் மேல் ஒரு நேரான கட்டையைப் படுக்க வைத்துப் பாருங்கள். கட்டைக்கு அடியில் எங்கே வெளிச்சம் தெரிகிறதோ அந்த டப்பா குள்ளம். உயரம் நெருங்கி வரும் ஐந்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு மற்றதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

பென்சில் தடிமன்கூட இல்லாத குட்டிகளை இந்தப் பெரிய டப்பாவில் விட வேண்டாம். அவற்றுக்கு 6 குவார்ட் செருப்பு டப்பா, மூடியோடும் இறுக்கமான பூட்டோடும். பாம்பின் தலை நுழைகிற இடத்தில் உடம்பும் நுழைந்துவிடும். கார்ன் ஸ்னேக் குட்டி இதில் கெட்டிக்காரி. என் பழைய ரேக்கின் நாலாவது தட்டில் ஒரு மூலை மட்டும் கொஞ்சம் தூக்கலாக இருந்தது. ராத்திரியில் குட்டி ஒன்று அந்த மூலையிலேயே மூக்கைத் தேய்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தேன், பசிக்கு அலைகிறது என்று நினைத்துவிட்டேன். காலையில் டப்பா காலி. பதினோரு நாள் கழித்து வாஷிங் மெஷினுக்குப் பின்னால், தண்ணீர்க் குழாயைச் சுற்றிக்கொண்டு கிடந்தது. உயிரோடு கிடைத்தது என் அதிர்ஷ்டம். பாம்பு ஒரே மூலையைத் திரும்பத் திரும்ப முட்டினால் அங்கே காற்று வருகிறதோ என்று சந்தேகப்படுங்கள். உடனே போய்ப் பாருங்கள்.

பலகை

முக்கால் அங்குல மெலமைன் பலகை (வழவழப்பான மேல்பூச்சு உள்ள துகள் பலகை) போதும். துடைக்க எளிது, பாம்புக்கு ஆகாத வார்னிஷ் வாசனையும் இல்லை. குறை இரண்டு: எடை அதிகம், அறுத்த ஓரத்தில் தண்ணீர் பட்டால் ஊதிவிடும். அதனால் அறுத்த ஓரம் எல்லாவற்றுக்கும் எட்ஜ் டேப்பை இஸ்திரிப் பெட்டியால் ஒட்டிவிட வேண்டும். எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) ஈரத்துக்குத் தாங்காது, தேவதாரு மரத்தின் எண்ணெய் பாம்புக்குக் கெடுதல். இரண்டையும் தவிருங்கள்.

மேலே சொன்ன டப்பாவுக்கு என் கணக்கு இது. உள் அகலம் 17 அங்குலம், ஆழம் 36. ஒரு தட்டிலிருந்து அடுத்த தட்டுவரை டப்பாவின் உயரமும் ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளியும் சேர்ந்து 6 3/16 அங்குலம், அதோடு பலகையின் முக்கால் அங்குலம். ஐந்து தட்டுக்கு மொத்த உயரம் 35½ வருகிறது. ஆக 36 × 35½ அளவில் பக்கப் பலகை இரண்டு, 17 × 36 அளவில் தட்டு ஆறு. எட்டடிக்கு நாலடி மெலமைன் பலகை இரண்டில் எல்லாம் அடங்கிவிடும். ஆனால் உங்கள் டப்பாவை அளந்து இந்த எண்களைத் திருத்திக்கொள்ளுங்கள்.

அறுப்பதைக் கடையிலேயே செய்துகொள்வது நல்லது. ஒரு முழுப் பலகை ஏறக்குறைய 100 பவுண்ட் எடை, தனியாளாக வீட்டில் அறுத்தால் கோணிவிடும், மேல்பூச்சும் உதிரும். தட்டு ஆறையும் ஒரே அளவு வைத்து அடுத்தடுத்து அறுக்கச் சொல்லுங்கள். அப்போதுதான் அகலம் மாறாது.

காடி

டப்பாவுக்குச் சூடு கொடுப்பது ஹீட் டேப் என்ற தட்டையான மின்பட்டை. அது தட்டின் மேல் சும்மா கிடந்தால் டப்பாவை இழுக்கும் ஒவ்வொரு முறையும் உரசும். நாளாக நாளாக மேல் உறை தேய்ந்து உள்ளே மின்சாரம் ஓடும் பட்டை வெளியே தெரிந்துவிடும். அதனால் கீழிருந்து ஐந்து தட்டுகளிலும் பின்பக்கத்தில், 11 அங்குலத்துக்குச் சற்றே கூடுதல் அகலத்தில், 2 மில்லிமீட்டர் ஆழத்துக்குக் காடி, அதாவது பள்ளம், எடுக்க வேண்டும். டேப் அதற்குள் உட்கார்ந்துவிடும், டப்பா அதன் மேல் உரசாமல் போகும். வயர் வெளியே வர, காடியிலிருந்து பின் ஓரம்வரை சின்னதாக ஒரு வாய்க்கால் ஆழமாக எடுத்துவிடுங்கள். மரம் குடையும் மெஷின் இல்லையென்றால் கிச்சன் கேபினெட் செய்கிறவரிடம் கொடுத்தால் அரை மணி வேலை.

கோப்பது

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். டப்பாவை வைத்து, அதன் விளிம்பில் இரண்டு அட்டையைச் செருகி, அதன் மேலேயே அடுத்த தட்டை வைத்து ஸ்குரூ முடுக்கிவிடலாம் என்று தோன்றும். தட்டு ஒவ்வொன்றும் 13 பவுண்ட் வரும். அந்த எடையில் டப்பாவின் விளிம்பு அமுங்கும். ஸ்குரூ போட்டபின் விளிம்பு மேலே எழும்பி, டப்பா நகரவே நகராது.

அதற்குப் பதிலாக நாலு மரக்கட்டை தயார் செய்யுங்கள். ஐந்து டப்பாவில் எது உயரமோ அதன் உயரம், அதோடு இரண்டு கிரெடிட் கார்டின் தடிமன். ஒரு கார்டு 0.76 மில்லிமீட்டர், இரண்டு சேர்ந்தால் ஒன்றரை. நாலு கட்டையும் மயிரிழை மாறாமல் ஒரே உயரம் இருக்க வேண்டும்.

சரி, இப்போது கோர்க்கலாம். அடித்தட்டை இரண்டு பக்கப் பலகைக்கும் நடுவே நிறுத்தி முடுக்குங்கள். அதன் நாலு மூலையிலும் கட்டையை வையுங்கள். மேலே அடுத்த தட்டு. கிளாம்ப் போட்டு இறுக்கி, பக்கப் பலகைக்கு வெளியிலிருந்து தட்டின் தடிமனுக்குச் சரியாக நடுவில் முதலில் டிரில்லால் துளை, அப்புறம் 2 அங்குல ஸ்குரூ. துளை போடாமல் நேராக முடுக்கினால் துகள் பலகை பிளந்துவிடும். ஒரு பக்கத்துக்கு நாலு ஸ்குரூ. கட்டையை உருவி எடுத்து டப்பாவை உள்ளே தள்ளிப் பாருங்கள். முட்டாமல் போய், கையை வைத்தால் ஆடாமல் நின்றால் அந்தத் தட்டு முடிந்தது. கட்டையை மேல் தட்டுக்கு மாற்றுங்கள். எல்லாத் தட்டும் முடிந்ததும் எதிரெதிர் மூலைகளை அளங்கள். இரண்டும் ஒன்றாக வந்தால் கோணல் இல்லை.

இடைவெளியைச் சோதிக்க ஒரு டாலர் நாணயம் போதும். கனடாவின் லூனி 2 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. விளிம்பு நெடுக, நாலு பக்கமும் மூலைகளிலும் நாணயத்தை நுழைத்துப் பாருங்கள். எங்கேயும் நுழையக் கூடாது. நுழைந்தால் டப்பாவை மாற்றுங்கள். அதன் பிறகு எந்த டப்பா எந்தத் தட்டுக்கு என்று எண் எழுதிவிடுங்கள், கழுவிக் காயவைத்தபின் இடம் மாறிவிடாது.

ஒவ்வொரு தட்டின் பின்னாலும் ஒரு மரச் சட்டம் அடித்தால் டப்பா முன்னால் சமமாக நிற்கும். பின்புறம் திறந்தே இருக்கட்டும், வயருக்கும் காற்றுக்கும். உள்மூலைகளில் சிலிக்கான் பூசி ஒரு வாரம் காயவிடுங்கள். பாம்புப் பேன் ஒளியும் இடம் இந்தப் பிளவுகள்தான். கட்டி முடித்த ரேக் 130 பவுண்ட் வரும் என்பதால் அடியில் பலமான சக்கரம் நாலு வைத்து, நின்ற இடத்தில் சுவரோடு பட்டை போட்டுப் பிணைத்துவிடுங்கள்.

முன்னால் தாழ்ப்பாள் கட்டாயம். வளர்ந்த பால் பைத்தான் தலையால் முட்டியே இழுப்பறையைத் தள்ளிவிடும். மேலிருந்து கீழ்வரை ஓர் அலுமினியப் பட்டை, ஒரு முனையில் கீல், மறுமுனையில் பூட்டு என்று நான் வைத்திருக்கிறேன். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் சாவி உங்களிடம்தான் இருக்க வேண்டும். 2013 ஆகஸ்டில் கனடாவின் நியூ பிரன்சுவிக் மாகாணத்துக் கேம்பல்டனில், கூட்டிலிருந்து தப்பிக் காற்றுக் குழாய் வழியே போன ஆப்பிரிக்க மலைப்பாம்பு ஒன்று தூங்கிக்கொண்டிருந்த இரண்டு சிறுவர்களைக் கொன்றது. பால் பைத்தானால் அப்படி ஒரு ஆபத்து இல்லை. ஆனாலும் பாம்பு வளர்க்கிற ஒவ்வொருவரும் பூட்டைத் தொடும்போது அந்தப் பிள்ளைகளை நினைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம்.

காற்றுத் துளைகளைச் சால்டரிங் அயர்னால் போடுங்கள், வீட்டுக்கு வெளியே, புகை மூக்கில் ஏறாமல். உள்ளிருந்து வெளியே குத்த வேண்டும். உருகிய பிளாஸ்டிக்கின் கூர் வெளிப்பக்கம் நிற்கும், பாம்பின் மூக்கு உரசும் பக்கம் வழவழப்பாக இருக்கும். துளை கால் அங்குலத்துக்கு மேல் வேண்டாம். பால் பைத்தானுக்கு ஈரப்பதம் 60 சதவீத அளவில் நிற்க வேண்டும் என்பதால் ஒரு பக்கத்துக்கு ஆறேழு துளை. கார்ன் ஸ்னேக்குக்கு இரண்டு மடங்கு போடலாம்.

சூடு

11 அங்குல ஹீட் டேப் ஓர் அடிக்குச் சுமார் 20 வாட் இழுக்கும். 17 அங்குலத் துண்டு ஏறக்குறைய 28 வாட், ஐந்து தட்டுக்கு 140 வாட். சூட்டை அளந்து மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் மேல் எழுதியிருக்கும் வாட் இதைவிடத் தாராளமாக இருக்க வேண்டும். டேப்பை நீங்களே வெட்டி வயர் இணைப்பதைவிட, வயர் பொருத்தியே விற்கும் துண்டுகளை வாங்குவதுதான் புதியவர்களுக்கு என் யோசனை. மடிக்கக் கூடாது, ஒன்றின் மேல் ஒன்று ஏறக் கூடாது. ஐந்து வயரும் பல பிளக் செருகும் ஒரு பவர் பாருக்கு, பவர் பார் தெர்மோஸ்டாட்டுக்கு. இங்கே விற்கும் டேப் 120 வோல்ட்டுக்கானது. அதை ஊருக்குக் கொண்டுபோய் 230 வோல்ட்டில் செருகினால் தீப்பிடிக்கலாம்.

தெர்மோஸ்டாட் இல்லாமல் ஹீட் டேப்பை ஒரு மணி நேரம்கூட ஓடவிடாதீர்கள். பாம்பு சூடு தாங்காமல் நகர்ந்துவிடும் என்று நம்பவே கூடாது. அடிவயிறு வெந்துபோன பிறகும் அதே இடத்தில் படுத்திருக்கும்.

தெர்மோஸ்டாட்டின் சென்சாரை நடுத் தட்டில், டேப்புக்கும் டப்பாவுக்கும் நடுவே வையுங்கள். சூடு மேலேறும் என்பதால் மேல் தட்டு ஒரு டிகிரி கூடுதலாகவும் அடித்தட்டு குறைவாகவும் இருக்கும், நடுவில் வைத்தால் இரண்டுக்கும் பொதுவாகும். சென்சாரை ஒட்டும்போது ஒருமுறைக்கு இரண்டுமுறை பாருங்கள். என் இரண்டாவது ரேக்கில் டப்பாவை இழுத்தபோது சென்சார் வயர் அதோடு வந்துவிட்டது, நான் கவனிக்கவில்லை. சென்சார் குளிர்ந்த காற்றில் தொங்க, தெர்மோஸ்டாட் இன்னும் சூடு போதவில்லை என்று எண்ணி முழு மின்சாரத்தையும் விட்டுக்கொண்டே இருந்தது. தொடாமலே சூட்டை அளக்கும் டெம்பரேச்சர் கன் 43 டிகிரி செல்சியஸ் காட்டியது. அது பாம்பு விடுவதற்கு முந்திய சோதனை ஓட்டம். பாம்பு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. இப்போது சென்சார் வயரை இரண்டு இடத்தில் கிளிப் அடித்து, டப்பா எவ்வளவு இழுத்தாலும் அசையாதபடி வைத்திருக்கிறேன். சூடு எல்லை மீறினால் தானே அணையும் வசதி உள்ள தெர்மோஸ்டாட்டுக்குக் கூடக் கொடுக்கும் பணம் வீண் இல்லை.

பால் பைத்தானுக்கு டப்பாவின் பின்பக்கத் தரை 31 முதல் 32 டிகிரி செல்சியஸ், முன்பக்கம் 25 முதல் 27. கார்ன் ஸ்னேக்குக்குப் பின்னால் 29 முதல் 30, முன்னால் 22 முதல் 24. ஒரே தெர்மோஸ்டாட்டில் இரண்டு இனத்தையும் வைக்க வேண்டாம், யாராவது ஒருவர் கஷ்டப்படுவார். டப்பாவின் தரைக்கும் டேப்புக்கும் ஓரிரு டிகிரி வித்தியாசம் இருப்பதால், தெர்மோஸ்டாட்டை 33இல் வைத்து, உள்ளே அளந்து, அரை அரை டிகிரியாகத் திருத்துங்கள். அளப்பது வெறும் பிளாஸ்டிக் தரையில், விரிப்பின் மேல் அல்ல.

ஹீட் டேப் தரையைத்தான் சுடவைக்கும், காற்றை அல்ல. ஜனவரியில் பேஸ்மென்ட் 17 டிகிரிக்கு இறங்கினால் முன்பக்கம் குளிர்ந்துவிடும், அறைக்கே ஒரு ஹீட்டர் வேண்டும். மின்சாரம் நின்றால் என்ன செய்வது என்பதையும் இப்போதே யோசித்து வையுங்கள். 2013 டிசம்பர் பனிக்கட்டிப் புயலில் டொராண்டோவில் ஏறக்குறைய 3 லட்சம் இணைப்புகள் இருட்டில் கிடந்தன, சில வீடுகளில் நாட்கணக்கில். பாம்பைத் தலையணை உறையில் போட்டு முடிச்சிட்டு, தெர்மாகோல் பெட்டியில் துணியால் சுற்றிய வெந்நீர்ப் போத்தலோடு வைக்கலாம். அந்த நாட்களில் இரை கொடுக்கக் கூடாது. குளிரில் செரிக்காது.

குடியேற்றுவது

ரேக்கைக் காலியாக ஒரு வாரம் ஓடவிடுங்கள். டப்பாவில் விரிப்பு, தண்ணீர்க் கிண்ணம் எல்லாம் வைத்து, காலையும் இரவும் ஒவ்வொரு தட்டிலும் அளந்து, தட்டின் முன் ஓரத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி அதில் எழுதுங்கள். பால் பைத்தானுக்குத் தேங்காய் மட்டைத் துண்டு நல்ல விரிப்பு, கார்ன் ஸ்னேக்குக்கு ஆஸ்பென் மரச் சீவல். புதிதாக வாங்கிய பாம்பு நேராக ரேக்குக்குப் போகக் கூடாது. மூன்று மாதம் வேறு அறையில், வெள்ளைக் காகிதத் துவாலையின் மேல் இருக்கட்டும். பேன் இருந்தால் கறுப்புப் புள்ளியாகத் தெரிந்துவிடும். ரேக்கில் ஒரு டப்பாவுக்கு வந்த பேன் ஒரு வாரத்தில் ஐந்துக்கும் வந்துவிடும்.

விட்ட நாளிலிருந்து ஒரு வாரம் தொந்தரவு செய்யாதீர்கள், இரையும் அதன் பிறகுதான். டப்பாவை மூடும்போது மட்டும் அவசரம் கூடாது. பாம்பு விளிம்பின் மேல் தாடையை வைத்துக்கொண்டு நாக்கை நீட்டி உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும், இல்லையென்றால் வால் நுனி மட்டும் மூலையில் வெளியே தொங்கும். விரலால் மெல்ல உள்ளே தள்ளி, அது தலையை இழுத்துக்கொண்ட பிறகு டப்பாவைக் கடைசி அங்குலம் வரை மெதுவாகத் தள்ளுங்கள். அப்புறம் தாழ்ப்பாள், அப்புறம் பூட்டு.